ஒரு வெள்ளைக் கார் போனது

டிசம்பர் 3, புதன்

காலை ஐந்தரைக்கு வண்டியை எடுத்தேன். என்னிடம் கார் ஓட்டப் பழகும் ஹேமலதாவுக்கு இன்று ஆர்.டி.ஓ. டெஸ்ட். அவள் ஊருக்கே வந்து கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். நல்ல பனி. வாய்க்கால் மேட்டைத் தாண்டி, புளியமரங்கள் தொடங்கும் இடத்தில், சாலையோரப் பள்ளத்தில் ஒருவர் கிடந்தார். அவருடைய எக்ஸெல் மொபெட் முள்செடிக்குள் தலைகீழாகக் கிடந்தது. கொத்தமல்லிக் கட்டுகள் சாலையெங்கும். நிறுத்தினேன். 108-ஐக் கூப்பிட்டேன். ஆம்புலன்ஸ் பன்னிரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. நினைவு இருந்தது. வலது காலில்தான் அடி.

ஹேமலதாவுக்கு இன்னொரு தேதி வாங்க வேண்டும். மாலை வகுப்புகள் இரண்டையும் ரத்து செய்துவிட்டேன். வண்டியை வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் விட்டுத் தார்ப்பாய் போட்டு மூடினேன். பனி அதிகமாக இருக்கிறது.

டிசம்பர் 4, வியாழன்

நேற்று சரியாக எழுதவில்லை. அந்த மனிதரின் பெயர் நாகமாணிக்கம். ஐம்பத்திரண்டு வயது. அரை ஏக்கரில் கொத்தமல்லியும் கீரையும் போட்டு, விடியும் முன்பே உழவர் சந்தைக்குக் கொண்டுபோகிறவர்.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. வார்டு வாசலில் அவர் மனைவி தெய்வானை என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்க மட்டும் இல்லீன்னா இவரு இந்நேரம் இல்லீங்க அக்கா. அத்தனை வண்டி போற ரோட்டுல ஒருத்தரும் நிக்கலியே. நீங்க ஒருத்தர்தான நின்னீங்க."

நான் கையை உருவிக்கொண்டேன். வாங்கிப்போன ஆரஞ்சுப் பழங்களை ஜன்னல் கட்டையில் வைத்தேன். அவர் மருந்து மயக்கத்தில் இருந்தார்.

எஸ்.ஐ. லோகநாதன் வெளியே உட்கார்ந்திருந்தார். மரியாதையானவர். எழுந்து நின்றே பேசினார்.

"இடிச்சவன் நிக்காமப் போயிருக்கான் மேடம். நீங்க வந்தப்ப ஏதாச்சும் வண்டி பாத்தீங்களா?"

"ஒரு வெள்ளைக் கார்ங்க சார். எதிர்ல வேகமாப் போச்சு."

"நம்பர்?"

"பனி சார். பாக்கல."

அவர் குறித்துக்கொண்டார். ஏன் வெள்ளை என்று சொன்னேன் என்று தெரியவில்லை. கேட்டார், வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். நம் ஊரில் பாதிக் கார் வெள்ளைதான். நம் வண்டியும் வெள்ளைதான்.

டிசம்பர் 5, வெள்ளி

காரை எடுக்கவில்லை. வகுப்புக்கு வந்தவர்களிடம் கிளட்ச் பிளேட் போய்விட்டது என்றேன்.

டிசம்பர் 6, சனி

ஸ்பின்னிங் மில்லில் என் வீட்டுக்காரருக்கு இந்த வாரம் பகல் ஷிப்ட். சாயங்காலம் வந்தவர் ஷெட்டுக்குப் போய்த் தார்ப்பாயை விலக்கிப் பார்த்திருக்கிறார். நான் சமையற்கட்டில் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். பின்கதவு வழியாக வந்து மேடைமேல் எதையோ வைத்தார். வாடிப்போன கொத்தமல்லிக் காம்பு, நாலைந்து.

"முன் பம்பருக்கும் ஃபாக் லைட்டுக்கும் நடுவுல சொருகியிருந்துச்சு" என்றார்.

"சந்தைப் பையிலிருந்து விழுந்திருக்கும்."

"பம்பருக்குள்ளயா?"

நான் மாவைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவர் என்னையே பார்த்தார். இருபத்தோரு வருடமாக என்னைப் பார்க்கிற மனிதர். பிறகு அந்தக் காம்புகளை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். மறுபடி எடுத்தார். அடுப்பைப் பற்றவைத்து நெருப்பில் காட்டினார். ஈரம் இருந்ததால் எரிய நேரமாயிற்று. வீடெல்லாம் மல்லி வாசம்.



டிசம்பர் 7, ஞாயிறு

விடிந்ததும் அவர் காரை எடுத்துக்கொண்டு திருப்பூர் போனார். மத்தியானம் புதுப் பம்பர், புது விளக்கோடு வந்தது. பழையதை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. ஒர்க்ஷாப்பில் மரத்தில் இடித்துவிட்டது என்று சொன்னாராம்.

துணி துவைத்தேன். இட்லிக்கு ஆட்டினேன்.

டிசம்பர் 8, திங்கள்

புது பேட்சுக்கு முதல் வகுப்பு. எட்டுப் பெண்கள். பத்து வருடமாக முதல் வகுப்பில் நான் ஸ்டீயரிங்கைத் தொடவிடுவதில்லை. போர்டில் எழுதித்தான் ஆரம்பிப்பேன். எப்படி ஓட்டுவது என்பதை அப்புறம் படிக்கலாம், ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்பதை இன்றைக்கே தெரிந்துகொள்ளுங்கள் என்பேன். ஊரில் வேறு எந்தப் பள்ளியிலும் இப்படிச் சொல்லித்தருவதில்லை என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

இன்றைக்கும் சொன்னேன். உடனே நிறுத்துங்கள். ஓரமாக, நாலு பக்கமும் மினுக்குகிற விளக்கைப் போட்டு. முதலில் உங்களுக்கு அடியா என்று பாருங்கள், அப்புறம் அடுத்தவருக்கு. 108-ஐக் கூப்பிட்டு இடத்தை அடையாளத்தோடு சொல்லுங்கள். முதுகில், கழுத்தில் அடி இருக்கும், அதனால் தூக்கி உட்காரவைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள், ரத்தம் வருகிற இடத்தைத் துணியால் அழுத்திப் பிடியுங்கள். போலீசுக்குச் சொல்லுங்கள். வண்டியைத் துடைக்காதீர்கள், நகர்த்தாதீர்கள். போட்டோ எடுங்கள். கூட்டம் அடிக்க வந்தால் நேராக ஸ்டேஷனுக்குப் போங்கள், ஒளியாதீர்கள். இன்சூரன்ஸுக்குத் தகவல் கொடுங்கள்.

பின் வரிசையில் விஜயராணி என்றொரு பெண். மளிகைக் கடைக்காரர் மனைவி. கை தூக்கினாள்.

"மேடம், பயத்துல நிக்காமப் போயிட்டோம்னா?"

சிலர் சிரித்தார்கள்.

"போனா திரும்பி வந்துடணும்" என்றேன்.

"வந்துட்டா அது தப்பில்லையா மேடம்?"

நேரமாகிவிட்டது, மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்று போர்டைத் துடைத்துவிட்டேன்.

டிசம்பர் 10, புதன்

நாகமாணிக்கத்தைக் கோவை பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருந்தார்கள். நேற்று வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

தெய்வானைக்கு எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். பிள்ளை இல்லாத வீடு, அவளுக்கு மாற்றுக்கு ஆளே இல்லை. வராந்தாவில் பாய் விரித்துக் கிடக்கிறாள். நான் போனதும் எழுந்து முடியை அள்ளி முடிந்துகொண்டாள். அழவில்லை. டாக்டர் வந்தபோது நான்தான் பேசினேன், எனக்குக் கொஞ்சம் விவரம் தெரியும் என்று.

"காலைக் காப்பாத்தியிருக்க முடியாதாங்க டாக்டர்?"

"ரத்தக் குழாய் நசுங்கிருச்சும்மா. ரத்தமும் ரொம்பப் போயிருச்சு."

"கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா?"

"சொல்ல முடியாது. பொழைச்சிருக்கலாம், பொழைக்காமலும் போயிருக்கலாம். நீங்கதான் கொண்டாந்தவங்களா? உங்களால முடிஞ்சதைச் செஞ்சீங்க. அதுக்கு மேல யோசிக்காதீங்க."

கட்டிலில் அவர் விழித்திருந்தார். என்னைப் பார்த்தார். தலையை லேசாக அசைத்தார்.  போர்வை ஒரு பக்கம் சட்டென்று தட்டையாக இறங்கியிருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல், தெய்வானை சாப்பிடும்வரை இருந்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 11, வியாழன்

நன்றாகத் தூங்கினேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

டிசம்பர் 12, வெள்ளி

எஸ்.ஐ. போன் செய்தார். குடியரசு தின விழாவில் கலெக்டர் கையால் சான்றிதழ் கொடுக்க என் பெயரை அனுப்பியிருக்கிறாராம். விபத்தில் சிக்கியவரைக் காப்பாற்றியதற்காக. வேண்டாங்க சார் என்றேன். "இந்த அடக்கம்தான் மேடம் உங்ககிட்ட" என்றார். நாளைக்கு ஒருமுறை ஸ்டேஷனுக்கு வரமுடியுமா என்று கேட்டார். வண்டியைப் பிடித்துவிட்டார்களாம்.

எந்த வண்டியை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

டிசம்பர் 13, சனி

ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. வாடகைக் கார். முன்பக்கம் இடது மூலையில் நசுங்கியிருந்தது. ஓட்டுகிற பையன் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முரளிதரன், இருபத்தைந்து வயதிருக்கும். இரண்டு நாளாக அங்கேயே வைத்திருக்கிறார்கள். அன்று காலை ஆறேகாலுக்கு அவன் வண்டி டோல்கேட் கேமராவில் பதிவாகியிருக்கிறது. அந்தச் சாலையிலிருந்துதான் வந்திருக்கிறான்.

"நீங்க பாத்த வண்டி இதுதானா மேடம்?"

"இது இல்லீங்க சார்."

"நல்லாப் பாருங்க."

"இல்லீங்க சார். கண்டிப்பா இது இல்ல."

எஸ்.ஐ. சிரித்தார். "நம்பர் பாக்கல, பனின்னு சொன்னீங்க. இப்ப எப்படி இது இல்லைன்னு அடிச்சுச் சொல்றீங்க? பையனைப் பாத்ததும் இரக்கப்பட்டுட்டீங்க. உங்க மனசு அப்படி. எக்ஸெல்லுல வெள்ளைப் பெயின்ட் ஒட்டியிருக்கு, லேபுக்கு அனுப்பியிருக்கோம். அது சொல்லும்."

எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன். மூன்று வாரம், ஒரு மாதம் என்றார். இன்று சாயங்காலம் கோர்ட்டில் காட்டி ரிமாண்ட் செய்யப்போகிறார்களாம்.

வெளியே வந்தேன். ஒரு பெண் என் ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். முரளியின் அக்கா, விமலா. பனியன் கம்பெனியில் வேலை. கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. லீவு சொல்லாமலே வந்திருப்பாள் போல.

"மேடம், நீங்க ஒருத்தர்தான் பாத்தவங்களாமே. அந்த நசுங்கல் போன மாசத்ததுங்க மேடம். நாய் குறுக்க வந்துருச்சு. அவன் வண்டிய நிறுத்தி, அந்த நாயத் தூக்கிப் பின் சீட்டுல போட்டுட்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனவன் மேடம். சீட்டெல்லாம் ரத்தம்னு வண்டி ஓனர் திட்டுனாரு. நாய்க்கு நின்னவன் மனுசனுக்கு நிக்காமப் போவானுங்களா?"

எனக்கு ஸ்கூட்டிச் சாவி துவாரத்தில் நுழையவில்லை. அவள்தான் வாங்கிப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

டிசம்பர் 14, ஞாயிறு

நான்தான் இடித்தேன்.

பதினோரு நாளாக இந்த நோட்டுக்கே பொய் எழுதிக்கொண்டிருக்கிறேன். யாரும் படிக்காத நோட்டு.

மூன்றாம் தேதி காலை வாய்க்கால் மேட்டை விட்டு இறங்கும்போது வேகம் நாற்பதுக்கு மேல் இல்லை. விளக்கைத் தாழ்த்திப் போட்டிருந்தேன். இடது பக்கத் தோட்டத்து மண்பாதையிலிருந்து அந்த எக்ஸெல் நேராகச் சாலையில் ஏறியது. அதில் விளக்கு எரியவில்லை. பிரேக்கை முழுக்க மிதித்தேன். மிதித்த பிறகுதான் சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. பால் கேன் விழுந்தது போல. கண்ணாடியில் பச்சையாக எதுவோ வந்து அடித்தது. எதிரே ஒன்றும் தெரியவில்லை. வைப்பரைப் போட்டேன். வண்டி நின்றிருந்தது. அது உண்மை, நான் நிறுத்தினேன். அப்புறம் கியர் போட்டேன். ஏன் போட்டேன் என்று எனக்குத் தெரியாது. யாரோ என் பக்கத்தில் உட்கார்ந்து போடு என்று சொன்னது போல என் கை அதுவாகப் போட்டது.

கொஞ்ச தூரம் போய்விட்டேன். இரண்டு மூன்று நிமிடம் இருக்கும். மனசு கேட்கவில்லை, திரும்பி வந்தேன். அவர் பள்ளத்தில் மல்லாந்து கிடந்தார். என் துப்பட்டாவால் காலை இறுக்கிக் கட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "தாயே, நீங்கதான் காப்பாத்தோணும், தெய்வம் மாதிரி வந்தீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை விடவில்லை. ஆம்புலன்ஸ்காரர் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். "மேடம் மட்டும் நிக்கலைன்னா" என்று அவரும் ஆரம்பித்தார். அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எல்லோரும் சேர்ந்து எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார்கள், நான் உள்ளே போய்விட்டேன்.

வீட்டுக்காரரிடம் இன்று சொன்னேன், நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போகப்போகிறேன் என்று.

"அந்தப் பையனை லேப் ரிப்போர்ட் வந்தா விட்டுருவாங்க சுலோ. பெயின்ட் ஒத்துப்போகாது. ஒரு மாசம்தான்."

"ஒரு மாசம் உள்ள இருக்கோணுமாங்க அவன்?"

"நீ போனா எத்தனை மாசம்னு தெரியுமா? உன் லைசென்ஸ் போகும். பள்ளிக்கூடத்தை மூடோணும். பொய் சாட்சி சொன்னதுக்குத் தனியா கேஸ். பம்பரை மாத்துனதுக்கு என் மேலயும்."

"உங்க பேரை நான் சொல்ல மாட்டேன்."

அவர் எழுந்து போய்ப் பின்கதவைத் தாழிட்டார். திரும்பி வந்து, "கால் போனவருக்கு நாம வேற வழியில செய்யலாம்" என்றார். என்ன வழி என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் தெரியாது.

டிசம்பர் 15, திங்கள்

பத்து மணிக்குப் போனேன். எஸ்.ஐ. எழுந்து நின்று, "வாங்க மேடம், டீ சொல்லட்டுமா?" என்றார்.

"அந்த வெள்ளைக் கார் என்னுதுங்க சார்."

அவருக்குப் புரியவில்லை. இன்னொரு முறை சொன்னேன். மெல்ல உட்கார்ந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதினார். நடுவில் ஒருமுறை பேனாவைக் கீழே வைத்தார்.

"விளக்கில்லாம குறுக்கு வழியில வந்திருக்கார். நீங்க நாப்பதுல போயிருக்கீங்க. நின்னிருந்தா இது சாதாரண கேஸ் மேடம். ஒண்ணுமே ஆகியிருக்காது உங்களுக்கு. இதைப் பாடமா நடத்துறவங்க நீங்க போயி இப்படி."

"ஆமாங்க சார்."

"எவ்வளவு தூரம் போனீங்க?"

"கொஞ்சம். ரெண்டு மூணு நிமிசத்துல திரும்பிட்டேன்."

"ஏன் திரும்புனீங்க?"

"மனசு கேக்கலைங்க சார்."

எழுதிக்கொண்டார். பம்பரை மாற்றியது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். அப்போது பின்னாலிருந்து, "நான் மாத்துனதுங்க சார்" என்று குரல் கேட்டது. அவர். மில்லுக்குப் போகாமல் எனக்குப் பின்னாலேயே பைக்கில் வந்திருக்கிறார். "பழசு வீட்டு அட்டாரியில இருக்குங்க. நானே எடுத்துத் தர்றேன்" என்றார். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

எங்கள் இரண்டு பேர் மேலும் வழக்குப் பதிவாயிற்று. ஸ்டேஷன் ஜாமீனில் சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். காரை அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். லைசென்ஸையும் வாங்கிக்கொண்டார்கள்.

டிசம்பர் 17, புதன்

முரளிதரனை இன்று வெளியே விட்டுவிட்டார்கள். எஸ்.ஐ. ஆபீஸிலிருந்து ஏட்டு போன் செய்து சொன்னார். சான்றிதழ் பற்றி யாரும் பேசவில்லை.

டிசம்பர் 18, வியாழன்

பேப்பரில் வந்துவிட்டது. பெயர், வயது, பள்ளியின் பெயர் எல்லாம். எட்டுப் பெண்களில் ஏழு பேர் வரவில்லை. விஜயராணி மட்டும் வந்தாள். பூட்டியிருந்த ஷட்டருக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். இறங்கிப் போகவில்லை.

மளிகைச் சாமான் தீர்ந்துவிட்டது. கடைக்கு அவரை அனுப்பினேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

கோவைக்குப் போனேன். சாப்பாடு எதுவும் கட்டிக்கொண்டு போகவில்லை.

வராந்தாவில் தெய்வானை என்னைப் பார்த்ததும் எழுந்து வார்டுக் கதவில் குறுக்கே நின்றாள்.

"எந்த மூஞ்சிய வெச்சுட்டு வந்தீங்க? உங்க கையால வாங்கித் தின்னனே. தின்னு போட்டுக் கும்புட்டனே."

நர்சுகள் திரும்பிப் பார்த்தார்கள்.   அடித்தாலும் நின்றிருப்பேன். உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

"தெய்வான. உடு. வரட்டும்."

கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வற்றியிருந்தது. ஸ்டூலைக் காட்டினார். உட்கார்ந்தேன். மன்னிக்கச் சொல்லி ஏதோ ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"எனக்குத் தெரியுமுங்க அம்மிணி."

"என்னதுங்க?"

"நீங்கதான் இடிச்சதுன்னு. அன்னிக்கே தெரியும். கீழ கெடந்துட்டுப் பாத்தனே. பின்னாடி கண்ணாடியில டிரைவிங் ஸ்கூல்னு அந்தச் செவப்பு எழுத்துப் போட்ட போர்டு. கொஞ்ச நேரம் நின்னீங்க. அப்புறம் போயிட்டீங்க."

தெய்வானை கதவருகிலேயே நின்றுவிட்டாள். அவளுக்கும் இது புதிது என்று முகத்தில் தெரிந்தது.

"அப்ப ஏனுங்க சொல்லல? போலீஸ் கேட்டாங்களே?"

"முதல்ல உசுருக்குப் பயந்துட்டு. திரும்பி வந்து எறங்குறீங்க. அதே வண்டி. நான் 'நீதான இடிச்சே'ன்னு ஒரு வார்த்தை கேட்டா, பயந்துட்டு மறுக்காப் போயிருவீங்களேன்னு நெனச்சேன். வேற ஆரு இருக்கா அங்க? அதனாலதான் கையப் புடிச்சுட்டுத் தாயேன்னேன். தெய்வம்னேன். நீங்க போயிரக்கூடாதில்லீங்க."

நான் என் மணிக்கட்டைப் பார்த்தேன்.

"அப்புறம் இங்க வந்து இவளுக்குச் சோறு போட்டீங்க. டாக்டருகிட்டப் பேசினீங்க. அந்த மயக்கத்துல, சரி, என்னதான் பண்றீங்கன்னு பாத்துட்டுக் கெடந்தேன். ஒரு பையனப் புடிச்சுட்டாங்கன்னு தெரிஞ்சிருந்தாச் சொல்லியிருப்பேன். எனக்கு ஆரும் சொல்லல."

ஜன்னலுக்கு வெளியே யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அது கடந்துபோகும்வரை அவர் காத்திருந்தார்.

"பேப்பர இவ படிச்சுக் காட்டினா. ரெண்டு மூணு நிமிசத்துல திரும்பிட்டீங்கன்னு போட்டிருக்குது. போலீசுல அப்படிச் சொன்னீங்களா?"

நான் குனிந்துகொண்டேன்.

"நான் பள்ளத்துல கெடந்தேன் அம்மிணி. மேல ரோட்டுல போறவங்களுக்கு என்னத் தெரியாது. எனக்கு எல்லாம் கேக்கும். டவுன் பஸ்ஸு ஒண்ணு போச்சு. கத்திப் பாத்தேன், சத்தமே வல்ல. பால் வண்டி போச்சு. அப்புறம் மில்லு சங்கு ஊதுச்சு, ஆறு மணிச் சங்கு. அதுக்கப்புறந்தான் நீங்க வந்தீங்க. ரத்தம் சூடா முதுகுப் பக்கமாப் போயிட்டே இருந்துச்சு. நான் ஒவ்வொரு வண்டிச் சத்தமா எண்ணிட்டுக் கெடந்தேன். அதப் போயி ரெண்டு நிமிசம்னு எழுதிப்போட்டாங்க. கால் போனது கூடப் பரவால்ல. அத ரெண்டு நிமிசம்னு சொல்றதத்தான் என்னால தாங்க முடியல."

தெய்வானை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரா, என்னைப் போகச் சொல்கிறாரா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்தேன். வராந்தாவில் தெய்வானை சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். நான் கடந்து போகும்போது அப்படியே இருந்தபடி கேட்டாள்.

"அந்தப் பையன உட்டுட்டாங்களா?"

"உட்டுட்டாங்க."



டிசம்பர் 22, திங்கள்

காலையில் வீட்டுக்காரர் கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். பஸ்ஸில் ஸ்டேஷனுக்குப் போனேன்.

எஸ்.ஐ. இப்போதெல்லாம் எழுந்து நிற்பதில்லை. என் வாக்குமூலத்தில் ஒரு திருத்தம் இருக்கிறது என்றேன். என்ன என்றார்.

இடித்தபோது டேஷ்போர்டு கடிகாரத்தில் ஐந்து நாற்பத்தொன்று. நான் கடிகாரத்தைப் பார்க்கிற பழக்கம் உள்ளவள். அங்கிருந்து நாலு கிலோமீட்டர் போய், ரயில்வே பாலத்துக்கு அடியில் நிறுத்தினேன். இறங்கி முன்பக்கத்தைப் பார்த்தேன். பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். வண்டி துடைக்கிற துணியால் துடைத்தேன். விளக்கில் சிக்கியிருந்த மல்லித்தழைகளைக் கைக்கு எட்டியவரை பிடுங்கி எறிந்தேன். துணியை ஓடையில் போட்டேன். அப்புறம் ஸ்டீயரிங்கில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் போர்டை யாராவது பார்த்திருப்பார்களா என்றுதான் முதலில் யோசித்தேன். அவர் உயிரோடு இருப்பாரா என்பது அதற்கு அடுத்துதான் வந்தது. திரும்பி வரும்போது தூரத்திலிருந்தே பார்த்தேன், அங்கே யாராவது நிற்கிறார்களா என்று. நின்றிருந்தால் நான் நிற்காமல் போயிருப்பேன். ஒருவரும் இல்லை. அதனால் நின்றேன். வண்டியின் முன்பக்கம் மரத்துப் பக்கம் மறைகிற மாதிரித் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் இறங்கினேன். அப்போது மணி ஆறு மூன்று. ஆறு ஐந்துக்கு 108-ஐக் கூப்பிட்டேன்.

இருபத்திரண்டு நிமிடம்.

நான் சொல்லச் சொல்ல எஸ்.ஐ. எழுதவில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். முடித்ததும் ஃபைலைப் பிரித்துப் பழைய தாளைப் பார்த்தார். 

"இதுக்கு சாட்சி யாருமில்ல மேடம். ரெண்டு நிமிசம்னே இருந்துட்டுப் போகட்டும். கோர்ட்டுல உங்களுக்கு அதுதான் நல்லது. இது யாருக்கும் தெரியப்போறதில்ல."

"அவருக்குத் தெரியுங்க சார்" என்றேன்.

அவர் மேசை இழுப்பறையிலிருந்து புதுத் தாள் ஒன்றை எடுத்தார்.